மரத்தின் பருமனும் காட்டின் கார்பனும்

"ஒரு மரம் ஆண்டுக்கு இத்தனை கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும்" என்று ஒற்றை எண்ணைச் சொல்லும் சுவரொட்டிகளையும் செய்திகளையும் நாம் அடிக்கடி காண்கிறோம். எந்த மரம், எவ்வளவு பருமன், எத்தனை வயது என்ற கேள்விகள் அங்கே எழுவதே இல்லை. ஒரு பெரிய மரத்தை வெட்டினால் பத்துக் கன்றுகளை நட்டுக் கணக்கை நேர்செய்துவிடலாம் என்ற நம்பிக்கையும், முதிர்ந்த மரங்கள் வளர்ச்சி நின்றுபோனவை என்ற எண்ணமும் இப்படிப்பட்ட எண்ணிலிருந்து பிறப்பவைதான். ஒரு காடு எவ்வளவு கார்பனைத் தாங்கி நிற்கிறது என்பதில் மரங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் பருமனுக்கே பெரும்பங்கு உண்டு. அது ஏன் என்பதை, பள்ளிக் கணக்கைத் தாண்டாமல், அடியிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

## எடை காற்றிலிருந்து வருகிறது

நன்கு காய்ந்த விறகுக்கட்டை ஒன்றை முழுவதும் எரித்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு கைப்பிடிச் சாம்பல். அந்தச் சாம்பலில் இருப்பவை கால்சியம், பொட்டாசியம் போன்ற தாதுக்கள். மண்ணிலிருந்து வேர் வழியாக மரத்துக்குள் வந்தவை அவைதான். பெரும்பாலான மரக்கட்டைகளில் அவற்றின் பங்கு உலர் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மீதி எல்லாம் புகையாகவும் நீராவியாகவும் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகவும் காற்றோடு கலந்துவிட்டது. மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற எண்ணம் மனத்தில் இருக்கும்வரை, காட்டின் கார்பன் சேமிப்பு என்ற பேச்சே விளங்காது.

இந்தக் குழப்பம் பழையது. யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி ஐந்து ஆண்டுகள் வளர்த்தார். கன்று 169 பவுண்டு மரமாகியிருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே. அவர் இறந்த பிறகு 1648-ல் வெளியான நூலில் இந்தச் சோதனை பதிவாகியுள்ளது. மரத்தின் எடை மண்ணிலிருந்து வரவில்லை என்று அவர் கண்டது சரி. அது முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்ததில்தான் பிழை. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இலை, காற்றில் உள்ள கரியமில வாயுவையும் வேர் அனுப்பும் நீரையும் சேர்த்து, சூரிய ஒளியின் ஆற்றலால் சர்க்கரையாக மாற்றுகிறது. இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர். இவ்வாறு கிடைக்கும் சர்க்கரையில் ஏறத்தாழ பாதியை மரம் தன் சுவாசத்துக்கே செலவிட்டு, கரியமில வாயுவாகத் திருப்பி வெளியிட்டுவிடுகிறது. எஞ்சியதைக் கொண்டு இலையும் வேரும் பட்டையும் கட்டையும் உருவாகின்றன. கட்டையின் பெரும்பகுதி செல்லுலோஸ், லிக்னின் ஆகிய பொருள்களால் ஆனது. இரண்டுமே கார்பன் அணுக்களின் நீண்ட பின்னல்கள்தான். இலையில் சேர்ந்த கார்பன் ஒன்றிரண்டு ஆண்டுகளில் உதிர்ந்து மட்கிக் காற்றுக்குத் திரும்பும். அடிமரத்தில் சேர்ந்த கார்பனோ அந்த மரம் நிற்கும்வரை அங்கேயே கிடக்கும். ஆகவேதான் கார்பன் சேமிப்பைப் பேசும்போது இலையைவிடக் கட்டையையே அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

## ஈரத்தைக் கழித்த எடை

பச்சை மரத்தை வெட்டி எடை போட்டால் அதில் ஏறத்தாழ பாதி தண்ணீராக இருக்கும். தண்ணீரில் கார்பன் இல்லை. ஆதலால் ஆய்வாளர்கள் மரத்துண்டை நூறு டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலான வெப்பத்தில் உலர்த்தும் அடுப்பில் வைத்து, மறுபடி மறுபடி எடை பார்த்து, எடை இனிக் குறையவில்லை என்றான பிறகு கிடைக்கும் எண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள். உயிரினங்களின் உடற்பொருள் இப்படி ஈரம் நீக்கிய நிலையில் கொண்டிருக்கும் எடைக்கு உயிர்த்திரள் என்று பெயர். தரைக்கு மேலே தெரியும் தண்டு, கிளை, இலை ஆகியவற்றின் எடையைத் தரைமேல் உயிர்த்திரள் என்று தனியே குறிப்பிடுவார்கள்.

உயிர்த்திரளிலிருந்து கார்பனுக்குச் செல்வது எளிது. உலர்ந்த மரப்பொருளின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன்; பல நாடுகளின் கணக்கீடுகளில் 47 சதவீதம் என்ற எண் வழக்கத்தில் உள்ளது. கார்பனிலிருந்து கரியமில வாயுவுக்குச் செல்ல இன்னொரு படி உண்டு. கார்பன் அணுவின் எடை 12. அதனோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த கரியமில வாயு மூலக்கூறின் எடை 44. எனவே கார்பனின் எடையை 44/12, அதாவது 3.67-ஆல் பெருக்க வேண்டும். ஒரு டன் உலர்ந்த கட்டையில் 470 கிலோ கார்பன் இருக்கிறது; அது காற்றிலிருந்து எடுக்கப்பட்டபோது சுமார் 1,720 கிலோ கரியமில வாயுவாக இருந்தது.

மரத்தைவிட அது உட்கொண்ட வாயு எடை கூடியதாக இருப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வளரும்போது மரம் ஆக்சிஜனை வெளியே விட்டுவிடுகிறது. அந்த எடை கட்டையில் தங்குவதில்லை. செய்திகளில் "கார்பன்" என்றும் "கரியமில வாயு" என்றும் மாற்றி மாற்றி எழுதும்போது இந்த 3.67 மடங்கு காணாமல் போகிறது. எந்த எண்ணைப் படித்தாலும் அது உயிர்த்திரளா, கார்பனா, கரியமில வாயுவா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்ப்போம். மரத்தின் உலர் எடையில் மிகச் சிறிய பங்கே மண்ணிலிருந்து வந்தது. ஏறத்தாழ பாதி கார்பன். அந்தக் கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வந்தது. ஆகவே ஒரு மரத்தின் உலர் எடை தெரிந்தால் அதன் கார்பனும் தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், நிற்கும் மரத்தைத் தராசில் ஏற்ற முடியாது.

## பருமன் இரட்டித்தால் எடை எத்தனை மடங்கு?

ஒரே நாரில் திரித்த இரண்டு கயிறுகளை எடுத்துக்கொள்வோம். நீளம் ஒன்றே, ஒன்றின் பருமன், அதாவது குறுக்கு விட்டம், மற்றதைப்போல் இருமடங்கு. தடித்த கயிற்றைப் பிரித்தால் அதில் மெல்லிய கயிறு இரண்டுக்கான நாரல்ல, நான்குக்கான நார் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்க்கும் வட்டத்தின் பரப்பு, விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதே காரணம். மூன்று மடங்கு பருமனானால் ஒன்பது மடங்கு நார். பத்து மடங்கானால் நூறு மடங்கு.

மரம் கயிற்றைவிட ஒரு படி மேலே போகிறது. அது பருக்கும்போது உயரவும் செய்கிறது, கிளைகளும் தடிக்கின்றன. ஆதலால் பருமன் இரட்டித்தால் எடை நான்கு மடங்கோடு நிற்காமல் ஐந்து, ஆறு மடங்குவரை போகும். நடுத்தரக் கடினம் உள்ள ஒரு வெப்பமண்டல மரத்துக்கு, ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் சமன்பாட்டில், உயரங்களை நானே பொதுவான அளவில் எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். விட்டம் 10 செ.மீ., உயரம் 10 மீட்டர் என்றால் தரைமேல் உயிர்த்திரள் சுமார் 35 கிலோ. விட்டம் 20 செ.மீ., உயரம் 16 மீட்டர் என்றால் சுமார் 210 கிலோ. விட்டம் 50 செ.மீ., உயரம் 27 மீட்டர் என்றால் 2 டன்னுக்குச் சற்று மேல். விட்டம் 100 செ.மீ., உயரம் 38 மீட்டர் என்றால் 11 டன்னைத் தாண்டுகிறது.

இந்த வரிசையின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டம் பத்து மடங்கு. எடை முந்நூறு மடங்குக்கும் மேல். ஒரு மீட்டர் பருமனுள்ள ஒற்றை மரத்தின் கார்பனுக்கு ஈடாக, 10 செ.மீ. பருமனுள்ள மரங்கள் முந்நூற்றுக்கும் அதிகமாக வேண்டும். பத்துக் கன்றுகள் என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது; கன்று என்பது 10 செ.மீ. பருமனை எட்டவே பல இனங்களில் ஆண்டுகள் பல ஆகும்.

உயரமும் பருமனும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். இன்று அறியப்பட்ட மரங்களில் மிக உயரமானது கலிபோர்னியாவில் உள்ள ஹைபீரியன் என்ற கடற்கரை ரெட்வுட் மரம். உயரம் ஏறத்தாழ 116 மீட்டர். அதே மாநிலத்தில் உள்ள ஜெனரல் ஷெர்மன் என்ற மாபெரும் செக்கோயா இன மரத்தின் உயரம் 84 மீட்டர்தான். ஆனாலும் தனித்தண்டு மரங்களில் கன அளவில் முதலிடம் ஷெர்மனுக்கே. அதன் அடிமரம் மட்டும் ஏறத்தாழ 1,487 கன மீட்டர். உயரத்தில் முப்பது மீட்டருக்கு மேல் பின்தங்கியதைப் பருமன் ஈடுசெய்துவிட்டது.

## நாடாவைச் சுற்றும் இடம்

விட்டம் இவ்வளவு முக்கியம் என்றால் அதை எங்கே அளப்பது என்ற கேள்வி எழுகிறது. மரம் தூரில் பருத்து மேலே போகப்போக மெலிகிறது. எல்லாரும் ஒரே இடத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால், பெரும்பாலான நாடுகளில் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். நிற்கும் ஒருவரின் மார்பளவு உயரம் அது. அங்கே அளந்த விட்டத்துக்கு மார்பளவு விட்டம் என்று பெயர். நாடாவைத் தண்டைச் சுற்றிப் பிடித்தால் கிடைப்பது சுற்றளவு, அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். சுற்றளவு 157 செ.மீ. என்றால் விட்டம் 50 செ.மீ.

சொல்வதற்கு எளிது, காட்டில் அவ்வளவு எளிதல்ல. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கத்திலிருந்து உயரத்தை அளக்க வேண்டும். 1.3 மீட்டருக்குக் கீழேயே கவடு விட்டிருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். தண்டில் ஒட்டிய கொடியை நாடாவுக்கு அடியிலிருந்து விலக்க வேண்டும். விலக்காவிட்டால் கொடியும் மரமாகக் கணக்கில் ஏறிவிடும். மழைக்காடுகளின் பெரிய மரங்கள் பலவற்றில் தூரைச் சுற்றிப் பலகை வேர்கள் ஆளுயரத்துக்கும் மேலே எழுந்து நிற்கும். அங்கே ஏணி வைத்து ஏறி, பலகை முடிந்து தண்டு உருண்டையாகும் இடத்துக்கு மேல் அளக்கிறார்கள். அளந்த இடத்தில் வண்ணக்கோடு ஒன்று தீட்டப்படும். ஐந்து ஆண்டுகள் கழித்து வருபவர் அதே கோட்டின் மீது நாடாவைச் சுற்றுவார். கோடு இல்லாமல் ஒரு சாண் மேலேயோ கீழேயோ அளந்துவிட்டால், மரம் மெலிந்துவிட்டதாகக்கூடக் கணக்கு காட்டும்.

சிறு அளவுப்பிழை கணக்கில் பெரிதாகிவிடும் என்பதும் மேலே பார்த்த மடங்குகளிலிருந்தே தெரியும். விட்டத்தில் 5 சதவீதம் தவறினால் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தவறிவிடும். காட்டில் நாடா பிடிப்பவரின் பொறுமையை நான் மிகவும் மதிப்பதற்கு இதுவே காரணம்.

## வைரம் பாய்ந்த கட்டையும் பஞ்சுக் கட்டையும்

ஒரே பருமனும் ஒரே உயரமும் உள்ள இரு மரங்கள் ஒரே எடை கொண்டிருக்க வேண்டியதில்லை. பால்சா மரத்தின் உலர்ந்த கட்டை கன மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. தேக்கு சுமார் 600 கிலோ. கருங்காலி போன்றவை ஆயிரத்தை எட்டி, நீரில் போட்டால் மூழ்கிவிடும். ஒரு கன அளவில் எவ்வளவு உலர் எடை அடங்கியுள்ளது என்பதே மர அடர்த்தி. செல்களின் சுவர் தடித்து இடைவெளி குறைந்த மரம் அடர்த்தியானது. அத்தகைய சுவரைக் கட்டுவதற்கு அதிகச் சர்க்கரை செலவாவதால், அது பொதுவாக மெதுவாகவே பருக்கும். திறந்தவெளியில் கிடுகிடுவென வளரும் மரங்கள் பல இலேசான கட்டையுடையவை. ஒரு மரம் விரைவாகப் பருக்கிறது என்பதைக் கொண்டே அது அதிகக் கார்பனைச் சேர்க்கிறது என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது. பாவோபாப் எனப்படும் பெருக்க மரம் இதற்கு நல்ல சான்று. அதன் பிரமாண்டமான தண்டில் பெரும்பகுதி நீர்தான்.

வைரம் என்று தமிழில் நாம் சொல்வது தண்டின் நடுவே உள்ள, நீர் கடத்தும் வேலையை முடித்துக்கொண்ட கட்டையை. பட்டைக்கு உட்புறம் உள்ள மெல்லிய அடுக்கில்தான் மரம் ஆண்டுதோறும் புதிய கட்டையை உருவாக்குகிறது. உள்ளே உள்ளது படிப்படியாக வைரமாகிறது. பெரிய மரத்தின் கார்பனில் பெரும்பங்கு இப்படி வேலை முடிந்து உறுதியாகிக் கிடக்கும் வைரத்தில் இருக்கிறது. உள்ளே வைரம் உடையது மரம், வெளியே வைரம் உடையது புல் என்று பழந்தமிழ் இலக்கணம் பிரித்தது இந்த இடத்தில் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது: பனை, மூங்கில் போன்றவை ஆண்டுக்கு ஆண்டு வளையம் வைத்துப் பருப்பதில்லை, ஆகையால் அவற்றின் எடையைக் கணிக்க ஆய்வாளர்கள் தனிச் சமன்பாடுகளையே வைத்திருக்கிறார்கள்.

## சமன்பாடு எப்படிப் பிறக்கிறது

வெட்டாமலே எடையைச் சொல்ல வேண்டுமானால், முன்னொரு முறை வெட்டி எடை போட்டிருக்க வேண்டும். பல இடங்களில், பல காலங்களில், மரங்களை அளந்து, சாய்த்து, தண்டு தண்டாகக் கிளை கிளையாக அறுத்து எடை போட்டு, துண்டுகளை உலர்த்தி ஈரத்தைக் கழித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். விட்டம், உயரம், மர அடர்த்தி ஆகிய மூன்றையும் எடையோடு இணைக்கும் வாய்பாடு இந்தப் பதிவுகளிலிருந்து உருவாகிறது. இதை அளவுத்தொடர்புச் சமன்பாடு என்கிறோம். 2014-ல் வெளியாகி இன்று வெப்பமண்டலக் காடுகளில் பரவலாகப் பயன்படும் சமன்பாடு, 58 இடங்களில் வெட்டி எடை போட்ட 4,004 மரங்களின் அளவுகளின் மேல் நிற்கிறது.

இந்தச் சமன்பாடு சராசரியைச் சொல்கிறது. ஒரு தனி மரத்துக்கு அதைப் பொருத்தினால் பிழை கணிசமாக இருக்கலாம். உள்ளே கூடு விழுந்த முதிய மரத்தையும் அது முழுக்கட்டையாகவே எண்ணும். ஆனால் நூற்றுக்கணக்கான மரங்கள் கொண்ட ஒரு காட்டுப்பகுதிக்குப் பயன்படுத்தும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று பெருமளவு கழித்துக்கொள்ளும். "என் வாசலில் நிற்கும் இந்த மரத்தில் சரியாக எத்தனை கிலோ கார்பன்" என்ற கேள்விக்கு இதில் துல்லியமான விடையை எதிர்பார்க்கக் கூடாது.

சுருக்கமாக: விட்டம் எடையை மிக வேகமாகப் பெருக்குகிறது, உயரமும் அடர்த்தியும் அதைத் திருத்துகின்றன, மூன்றையும் இணைக்கும் சமன்பாடு உண்மையில் எடை போட்ட மரங்களிலிருந்து வந்தது.

## முதிர்ந்த மரம் வளர்வதை நிறுத்திவிடுகிறதா?

வயதான மரத்தின் வளையங்கள் மெல்லியதாக இருப்பதைப் பார்த்து, அதன் வளர்ச்சி தளர்ந்துவிட்டது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். வளையத்தின் தடிமனை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மெல்லிய வளையம் எவ்வளவு பெரிய சுற்றளவைச் சுற்றிப் படிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள மரம் ஓராண்டில் 1 செ.மீ. பருத்தால் அதன் குறுக்குவெட்டில் சேரும் புதிய பரப்பு சுமார் 16 சதுர செ.மீ. 100 செ.மீ. விட்டமுள்ள மரம் அதே 1 செ.மீ. பருத்தால் சுமார் 158 சதுர செ.மீ. பெரிய மரத்தின் வளையம் பாதி மெலிந்திருந்தாலும் அது சேர்க்கும் கட்டை பல மடங்கு அதிகம். அதன் தண்டு நீளமானது என்பதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும்.

இதைப் பெரிய அளவில் சரிபார்த்த ஆய்வு 2014-ல் வெளியானது. 403 இனங்களைச் சேர்ந்த 6,73,046 மரங்களின் அளவுகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ எல்லா இனங்களிலும், மரம் பெரிதாகப் பெரிதாக அது ஆண்டுக்குச் சேர்க்கும் எடையும் கூடிக்கொண்டே போவது தெரிந்தது. ஒரு மீட்டர் விட்டமுள்ள மரம் சராசரியாக ஆண்டுக்கு நூறு கிலோவுக்குச் சற்று மேல் தரைமேல் உலர் எடையைச் சேர்க்கிறது. நாம் மேலே கணக்கிட்ட 10 செ.மீ. மரத்தின் மொத்த எடையே 35 கிலோ என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், பெரிய மரம் ஆண்டுதோறும் அப்படிப்பட்ட மூன்று மரங்களைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது எனலாம். காரணமும் எளிதுதான்: மரம் பெரிதானால் இலைப்பரப்பு பெருகுகிறது, ஒவ்வொரு இலையின் திறன் சற்றுக் குறைந்தாலும் இலைகளின் மொத்தப் பரப்பு அதை மிஞ்சிவிடுகிறது.

## மரத்தின் கணக்கும் காட்டின் கணக்கும்

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். தனி மரம் பெரிதாகும்போது வேகமாக எடை சேர்க்கிறது என்றால், முதிர்ந்த காடும் இளங்காட்டைவிட வேகமாகக் கார்பனைச் சேர்க்க வேண்டுமே? அப்படி நடப்பதில்லை. காரணம், மரங்கள் பருக்கும்போது ஒரு நிலத்தில் நிற்கக்கூடிய மரங்களின் எண்ணிக்கை குறைகிறது. இளங்காட்டில் ஒரு ஹெக்டேரில் ஆயிரக்கணக்கில் நெருங்கி நிற்கும் தண்டுகள் ஒளிக்கும் நீருக்கும் போட்டியிட்டு, பின்தங்கியவை நிழலில் மடிந்துவிடும். பெரிய மரங்கள் சாய்ந்து மட்கவும் தொடங்கும். ஆகவே ஒரு ஹெக்டேர் ஆண்டுக்குச் சேர்க்கும் நிகர அளவு இளமையிலிருந்து நடுவயதுவரை ஏறி, பிறகு தணிகிறது.

ஒரு குளத்தை நினைத்துக்கொண்டால் இது தெளிவாகும். குளத்தில் இப்போது கிடக்கும் நீர் ஒன்று. வரத்துக்கால் வழியாக ஒரு நாளில் வந்து சேரும் நீர் வேறொன்று. காட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மொத்தக் கார்பனைக் கார்பன் இருப்பு என்றும், ஓராண்டில் புதிதாகச் சேரும் அளவைக் கார்பன் வரத்து என்றும் குறிப்பிடுவோம். இளங்காட்டில் வரத்து அதிகம், இருப்பு குறைவு. முதிர்ந்த காட்டில் வரத்து தணிந்திருக்கும், இருப்போ நிறைந்திருக்கும். வரத்து குறைந்துவிட்டது என்பதற்காக நிறைந்த குளத்தின் கரையை உடைத்துவிட்டு, புதுக்குளம் வெட்டினால் வரத்து நன்றாக இருக்கும் என்று யாரும் வாதிடுவதில்லை. முதிர்ந்த காட்டை வெட்டிவிட்டு அங்கே வேகமாக வளரும் கன்றுகளை நடலாம் என்ற வாதம் அதற்கு ஒப்பானதே. வெட்டிய மரத்தில் ஒரு பகுதி உத்தரமாகவும் கதவாகவும் நெடுங்காலம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் கிளையும் இலையும் வேரும் மரத்தூளும் சில ஆண்டுகளிலோ பத்தாண்டுகளிலோ காற்றுக்குத் திரும்பிவிடுகின்றன.

அந்த இருப்பு எந்த மரங்களில் கிடக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. உலகின் பல காடுகளில் நிலையான ஆய்வுக்களங்கள் உள்ளன. அவற்றின் முன்னோடியான பனாமாவின் பார்ரோ கொலராடோ தீவுக் களத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து, 50 ஹெக்டேரில், ஒரு செ.மீ. பருமனைத் தொட்ட ஒவ்வொரு தண்டையும் எண் வில்லை கட்டி அளந்து வருகிறார்கள். இத்தகைய 48 களங்களின் அளவுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஆய்வு, ஒரு செ.மீ.க்கு மேற்பட்ட எல்லா மரங்களிலும் மிகப் பெரிய ஒரு சதவீத மரங்களே தரைமேல் உயிர்த்திரளில் பாதியைத் தாங்குகின்றன என்று காட்டியது. நூற்றுக்கு ஒரு மரம், பாதிக் கார்பன். பருமன் இரட்டித்தால் எடை ஐந்தாறு மடங்காகிறது என்ற கணக்கு காட்டளவில் விரிந்தால் இப்படித்தான் முடியும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மலைகளில் நிற்கும் மவுண்டன் ஆஷ் எனப்படும் உயர்ந்த யூகலிப்டஸ் காடுகளில், உயிருள்ள மரங்களையும் செத்த மரங்களையும் சேர்த்து ஹெக்டேருக்கு 1,867 டன் கார்பன் இருப்பதாக 2009-ல் பதிவானது. அது வெப்பமண்டலக் காடன்று. குளிர்ந்த, ஈரமான மலைக்காடு. மிகப் பெரிய மரங்கள் நெடுங்காலம் நின்றதும், விழுந்த கட்டைகள் குளிரில் மெதுவாக மட்கியதும் சேர்ந்து அந்த இருப்பை உருவாக்கின.

இந்தப் பகுதியின் சாரம் இது: தனி மரம் பெரிதானால் அதன் வரத்து கூடும், காடு முதிர்ந்தால் ஹெக்டேரின் நிகர வரத்து தணியும், இருப்பு நிறையும், அந்த இருப்பில் பெரும்பங்கு மிகச் சில பெரிய மரங்களில் இருக்கும்.

## கண்ணுக்குத் தெரியாத பங்கு

தண்டையும் கிளையையும் மட்டும் பார்த்துக் காட்டின் கார்பனை முடித்துவிட முடியாது. வேர்களின் எடை பொதுவாகத் தரைமேல் எடையில் நான்கில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். வறண்ட நிலங்களில் அதைவிடக் கூடும். அதற்கும் கீழே மண் இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகக் காடுகளில் உள்ள கார்பன் மொத்தம் 662 பில்லியன் டன். அதில் 44 சதவீதம் உயிருள்ள மரஞ்செடிகளில், 45 சதவீதம் மண்ணில், எஞ்சியது செத்த கட்டைகளிலும் சருகிலும் உள்ளது. வடதுருவத்தை ஒட்டிய காடுகளில் மரங்கள் மெலிந்தவை. ஆனால் குளிரால் மட்குதல் மந்தமாவதால் மண்ணில் பெருமளவு கார்பன் புதைந்து கிடக்கிறது. ஆகவே மரம் சிறியது என்றால் அந்தக் காட்டின் கார்பனும் சிறியது என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. பருமனின் விதி உயிருள்ள மரங்களின் கணக்குக்கு உரியது. மண்ணின் கணக்கு தனி.

## பெரிய மரம் சாயும்போது

இருப்பு சில மரங்களில் குவிந்திருப்பதால் இழப்பும் குவிந்தே வருகிறது. உயர்ந்த மரம் நீரை நெடுந்தூரம் மேலேற்ற வேண்டியிருப்பதால் கடும் வறட்சியில் அதற்கே ஆபத்து அதிகம். காற்றும் இடியும் முதலில் தொடுவதும் அதையே. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 2020-ல் பரவிய காசில் தீ என்ற ஒற்றைக் காட்டுத்தீ, அங்கே நின்ற பெரிய செக்கோயாக்களில் 10 முதல் 14 சதவீதத்தைக் கொன்றதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ தீயைத் தாங்கி நின்ற மரங்கள் பல அவற்றில் அடங்கும்.

நடும் கன்றுகள் இந்த இழப்பை எப்போது ஈடுசெய்யும் என்பதைக் கணக்கிடும்போது, கன்றுகளில் எத்தனை பிழைக்கும், பிழைத்தவை எந்த இனம், எத்தனை ஆண்டுகளில் எந்தப் பருமனை எட்டும் என்ற மூன்றையும் சேர்க்க வேண்டும். கன்று நடுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மரமற்ற நிலத்தில் அது புதிய வரத்தைத் தொடங்கிவைக்கிறது, அது வேண்டியதே. நிற்கும் பெரிய மரத்துக்கு மாற்றாக அதைக் காட்டும்போதுதான் கணக்கு பொய்யாகிறது. ஒரு மீட்டர் பருமனுள்ள மரம் இன்று வெட்டப்பட்டால், அதன் 5 டன்னுக்கும் மேற்பட்ட கார்பனில் பெரும்பகுதி அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் காற்றை அடைகிறது. புதுக்கன்றுகள் அதே காலத்தில் அதில் ஒரு பகுதியை மட்டுமே திரும்பப் பிடித்திருக்கும்.

## வானிலிருந்து அளப்பது

உலகக் காடுகள் எல்லாவற்றையும் நாடா பிடித்து அளக்க முடியாததால், இப்போது வானிலிருந்தும் அளக்கிறார்கள். 2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஜெடி என்ற கருவி லேசர் ஒளியைக் காட்டின் மேல் பாய்ச்சி, அது உச்சியிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் நேர வேறுபாட்டிலிருந்து மர உயரத்தைக் கணிக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2025 ஏப்ரலில் ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோள், சுமார் 70 செ.மீ. அலைநீளமுள்ள ரேடார் அலையை அனுப்புகிறது. சிற்றலைகள் இலைகளிலேயே சிதறிவிடும். இந்த நெடிய அலை இலைக்கூரையைத் துளைத்து உள்ளே சென்று, தண்டிலும் பெருங்கிளைகளிலும் பட்டுத் திரும்புகிறது. காட்டின் எடை எங்கே இருக்கிறதோ அந்த இடத்திலிருந்தே எதிரொலி வருகிறது.

ஆனால் செயற்கைக்கோளுக்குக் கிடைப்பது எதிரொலிதான். கிலோ கணக்கு அன்று. எந்த எதிரொலிக்கு எத்தனை டன் என்று பொருத்திப் பார்க்க, தரையில் ஏற்கெனவே அளந்து வைத்த ஆய்வுக்களங்கள் வேண்டும். ஆகவே இன்றும் ஒருவர் வில்லை எண்ணைப் படித்து, கொடியை விலக்கி, சென்ற முறை தீட்டிய வண்ணக்கோட்டின் மீது நாடாவைச் சுற்றி, சுற்றளவை உரக்கச் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் அதைக் குறித்துக்கொள்கிறார். பிறகு இருவரும் அடுத்த மரத்துக்குப் போகிறார்கள்.